கேட்காத ஒலியின் சாட்சி



ஒரு சத்தம் கேட்கவில்லை. அது ஒரு சான்றாகுமா? ஆகும் என்றால், அதை நம்பி நம் மனத்திலுள்ள ஒரு கருத்தை எவ்வளவு தூரம் கைவிடலாம்? இன்று மாலை இந்த ஒரு கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கப்போகிறேன். தலைப்பு நிகழ்தகவின் தத்துவம் என்பதால் யாரும் தயங்க வேண்டாம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தவர்களுக்கு எட்டாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் நான் எடுத்துக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியில் 228 பேரின் உயிர் இருக்கிறது. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் இரண்டு ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே சற்று நிதானமாகப் போவோம்.

2009 மே 31 அன்று இரவு ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குக் கிளம்பியது ஏர் பிரான்ஸ் 447. ஏர்பஸ் ஏ330 ரக விமானம்; 216 பயணிகள், 12 ஊழியர்கள். ஜூன் 1 அதிகாலையில், அட்லாண்டிக் கடலின் நடுவே, இடிமேகங்கள் திரண்டிருந்த வட்டாரத்தில் அது மறைந்துபோனது. தான் இருக்கும் இடத்தை ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு முறை செயற்கைக்கோள் வழியாக அது தெரிவித்துக்கொண்டே வந்திருந்தது. கடைசியாகத் தெரிவித்தது உலகப் பொது நேரப்படி 2 மணி 10 நிமிடத்துக்கு. அதற்குப் பின் சில நிமிடங்கள் கோளாறுச் செய்திகள் தாமாக வந்து விழுந்தன. பிறகு அவையும் நின்றன. செய்திகள் நின்ற கணக்கை வைத்துப் பார்த்தால், கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து 40 கடல் மைலுக்குள், அதாவது 74 கிலோமீட்டருக்குள், விமானம் கடலில் விழுந்திருக்க வேண்டும். அந்த வட்டத்தின் பரப்பு 17,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அடியில் மலைத்தொடர்கள், ஆழம் பல இடங்களில் 3, 4 கிலோமீட்டர்.

ஐந்து நாள் கழித்துத்தான் கடல்மேல் உடல்களும் உடைந்த பாகங்களும் கிடைத்தன. அதற்குள் நீரோட்டம் அவற்றை வெகுதூரம் இழுத்துப் போயிருந்தது. காரணம் தெரிய வேண்டுமானால் கறுப்புப் பெட்டிகள் வேண்டும். தரவுப் பதிவுக்கு ஒன்று, விமானி அறைக் குரல் பதிவுக்கு ஒன்று என்று இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றோடும் பிங்கர் என்ற ஒரு சிறு கருவி பொருத்தப்பட்டிருக்கும். நீரில் மூழ்கியதும் அது விட்டுவிட்டு ஒலி எழுப்பத் தொடங்கும். குறைந்தது 30 நாளைக்கு ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒலியைப் பிடிக்கும் கருவிகளைக் கயிற்றில் கட்டிக் கடலாழத்தில் இழுத்தபடி கப்பல்கள் குறுக்கும் நெடுக்கும் போயின. பிரான்சின் அணுசக்தி நீர்மூழ்கி ஒன்றும் காது கொடுத்துக் கேட்டது. ஜூலை 10 வரை கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இந்த மௌனத்தை என்ன செய்வது?

"சான்று இல்லாததாலேயே ஒன்று இல்லை என்று ஆகிவிடாது" என்று அடிக்கடி சொல்கிறோம். பாதி உண்மை அது. வீட்டில் கம்மலின் திருகாணி தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் ஒரு சுற்றுப் பார்வை பார்த்துவிட்டு "இங்கே இல்லை" என்று யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். தொலைந்தது குத்துவிளக்கு என்றால் ஒரு பார்வை போதும். இரண்டு தேடலிலும் கிடைத்த விடை ஒன்றே: காணவில்லை. ஆனால் அதற்குள்ள பலம் வேறு வேறு. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்குமா என்பதுதான் அந்தப் பலத்தைத் தீர்மானிக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். கூடத்தை நன்றாகப் பெருக்கித் தேடிவிட்டோம் என்றால், நாம் எட்டியே பார்க்காத அடுக்களையில் அது இருக்கும் வாய்ப்பு கூடிவிடுகிறது. அடுக்களையைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்துகொள்ளாமலேயே!

நம் மரபுக்கு இது புதிதல்ல. மணிமேகலையின் சமயக் கணக்கர் காதையில் வைதிகவாதி அளவைகள் பத்து என்று எண்ணிச் சொல்லும்போது அபாவத்தையும் அவற்றில் ஒன்றாக வைக்கிறார். இல்லாமையை அறிவதற்கும் ஓர் அளவை உண்டு என்பது அதன் பொருள். குமரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். காணாமை ஒரு பொருளின் இன்மையைக் காட்டலாம். ஆனால் அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் கண்டிருக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். வெளிச்சத்தில் தரையைப் பார்த்துக் குடம் இல்லை என்று சொல்லலாம், இருட்டில் சொல்லக்கூடாது. அவர்கள் ஆம், இல்லை என்ற இரண்டு நிலையில் நிறுத்தியதை எண்ணாக மாற்றியது பதினெட்டாம் நூற்றாண்டு.

இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த தாமஸ் பேயீஸ் 1761-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற தாள்களில் ஒரு கட்டுரை இருந்தது. நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் அதைக் கண்டெடுத்துச் செப்பம் செய்து ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார், 1763-இல் வெளிவந்தது. அதை அறியாமலே பிரெஞ்சுக் கணிதமேதை லாப்லாஸ் 1774-இல் அதே கருத்துக்கு வந்து சேர்ந்தார். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பேயீஸ் தேற்றம் என்று படித்திருப்பீர்கள். பெட்டியிலிருந்து பந்து எடுக்கும் கணக்காக அது நினைவில் தங்கியிருக்கும். அதன் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கருத்துக்கு நீங்கள் முன்பே ஒரு சாய்வு கொடுத்திருக்கிறீர்கள். புதிதாக ஒரு சான்று வருகிறது. அந்தக் கருத்து மெய்யானால் இந்தச் சான்று எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது, பொய்யானால் எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது என்று இரண்டையும் கேளுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, பழைய சாய்வை அந்த ஈவால் பெருக்குங்கள். தேற்றம் அவ்வளவுதான். அந்த இரண்டாவது கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் கேட்க மறந்துவிடுகிறோம்.

கடலுக்குத் திரும்புவோம். கடல் வரைபடத்தின் ஒரு கட்டத்தில் விமானம் கிடக்க 10 சதவீத வாய்ப்பு என்று நினைக்கிறோம். அதாவது, கிடப்பதற்கும் கிடக்காததற்கும் உள்ள சாய்வு 1-க்கு 9. அங்கே கிடந்தால் ஒலி கேட்பதற்கு 90 சதவீத வாய்ப்பு. கேட்கவில்லை. இப்போது 0.1-க்கு 9 என்று ஆகிவிட்டது. வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதத்துக்கு இறங்குகிறது. கேட்கும் திறன் 50 சதவீதமாக இருந்திருந்தால் 5 சதவீதத்துக்குத்தான் இறங்கியிருக்கும். மௌனம் ஒன்றே, நாம் கருவிமேல் வைத்த நம்பிக்கை மாறியதும் அது சொல்லும் சேதியும் மாறிவிட்டது. நான் இன்று வலியுறுத்த வந்தது இதைத்தான். எந்தச் சான்றும் நம் கருத்தை நேரே வந்து தொடுவதில்லை. அதைக் கொண்டுவந்த சாட்சியை எவ்வளவு நம்புகிறோம் என்ற இன்னொரு நம்பிக்கையின் வழியாகத்தான் அது நம்மிடம் வருகிறது. அந்த நம்பிக்கையையும் கணக்கில் ஏற்றியாக வேண்டும்.

பிங்கர்கள் வேலை செய்தன என்று எடுத்துக்கொண்டால், கேட்டுத் தீர்த்த இடங்களில் விமானம் இல்லை. ஆகவே தேடல் மற்ற இடங்களுக்கு நகர்ந்தது. 2009 ஆகஸ்டில், ஒலியலைகளை அனுப்பிக் கடலடியைப் பார்க்கும் சோனார் கொண்டு ஒரு சுற்று. 2010 ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு பெரிய சுற்று. இந்த முறை, மிதந்து கிடைத்த பாகங்கள் எங்கிருந்து வந்திருக்கும் என்று நீரோட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, கடைசி இடத்துக்கு வடமேற்கே தேடினார்கள். ஐந்து நாள் மிதந்த பொருளின் பாதையைப் பின்னோக்கிக் கணிப்பது மிகக் கடினம். நிலநடுக்கோட்டுப் பகுதியின் நீரோட்டங்கள் ஒழுங்காகப் பிடிபடாதவை. விமானம் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் மனித மனம் சோர்ந்துவிடும். "கடல் விழுங்கிவிட்டது" என்று தோன்றும். ஆனால் தோல்வியடைந்த ஒவ்வொரு தேடலும் ஒரு தகவல். அதை எப்படிப் படிப்பது என்று பார்க்க ஒரு கணக்கைப் போடுவோம். இதில் வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நானே வைத்தவை. உண்மையான தேடலில் வந்தவை அல்ல.

நடந்திருக்கக்கூடிய 1000 சாத்தியங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் 600-இல் விமானம் கடைசி இடத்தின் அருகே கிடக்கிறது, 400-இல் தொலைவில். பிங்கர்கள் உறுதியானவை, அவை உடைந்துபோயிருக்க 5 சதவீதம்தான் வாய்ப்பு என்று நம்புகிறோம். ஆக, அருகே கிடந்து பிங்கரும் வேலை செய்வது 570. அருகே கிடந்து பிங்கர் உடைந்திருப்பது 30. தொலைவில் கிடந்து வேலை செய்வது 380. தொலைவில் கிடந்து உடைந்திருப்பது 20.

அருகே உள்ள பகுதி முழுக்கக் கேட்டோம், மௌனம். வேலை செய்யும் பிங்கர் கட்டாயம் கேட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டால், 570 சாத்தியங்களும் ஒரேயடியாக விழுந்துவிட்டன. எஞ்சியவை 430. அவற்றில் விமானம் அருகே கிடப்பது வெறும் 30. நூற்றுக்கு அறுபதாக இருந்த நம்பிக்கை நூற்றுக்கு ஏழாகச் சரிந்துவிட்டது. தொலைவில் போய்த் தேடு என்று கணக்கே சொல்கிறது. அந்த நிலையில் அது நியாயமான முடிவு. அப்படிப் போனவர்களைக் குறைசொல்ல இடமில்லை.

தொலைவில் சோனார் கொண்டு தேடுகிறோம். கிடந்தால் காட்டுவதற்கு 90 சதவீத வாய்ப்பு. கிடைக்கவில்லை. 380 என்பது 38 ஆகிறது. 20 என்பது 2 ஆகிறது. அருகே கிடந்து பிங்கர் உடைந்த அந்த 30 மட்டும் தொடப்படாமல் அப்படியே நிற்கிறது. இப்போது மொத்தம் எழுபது. எழுபதில் முப்பது என்றால் நூற்றுக்கு 43. பிங்கர் உடைந்திருக்கும் வாய்ப்போ ஐந்தில் தொடங்கி, மௌனத்துக்குப் பின் ஏறத்தாழ 12-க்கு ஏறி, இப்போது 46-க்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம், ஏனென்றால் எனக்கு இது பெரிய வியப்பு. செத்துவிட்டது என்று நாம் எழுதிவைத்த ஒரு கருத்து மறுபடி எழுந்து நிற்கிறது. அதற்கு ஆதரவாக ஒரு சிறு தடயம்கூடப் புதிதாகக் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் போகவே இல்லை. பிங்கரை யாரும் எடுத்துச் சோதிக்கவும் இல்லை. வேறெங்கோ நடந்த தோல்வி அதை எழுப்பிவிட்டது. நம்பிக்கைகள் தனித்தனியாக நிற்பவை அல்ல, ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும் என்று தத்துவத்தில் பொதுப்படச் சொல்வார்கள். எவ்வளவு அசையும் என்று எண்ணிக் காட்டுகிறது இந்தக் கணக்கு.

உண்மையில் நடந்ததும் இதை ஒத்தது. விபத்தை விசாரித்த பி.இ.ஏ. என்ற பிரெஞ்சு அமைப்பு 2010 ஜூலையில் அமெரிக்காவின் மெட்ரான் நிறுவனத்தை நாடியது. அங்கே லாரன்ஸ் ஸ்டோன் தேடல் கணிதத்தில் ஊறியவர். 1968-இல் காணாமல்போன ஸ்கார்ப்பியன் நீர்மூழ்கியைத் தேடியபோதும் இதே வகைக் கணிதம் பயன்பட்டது. ஸ்டோன் குழுவினர் ஒற்றை ஊகத்தைக் கட்டிப்பிடிக்கவில்லை. மூன்று ஊகங்களைக் கலந்தார்கள். வட்டத்துக்குள் எங்கும் சமமாக விழுந்திருக்கலாம் என்பது ஒன்று. அதற்கு 35 சதவீத எடை. முன்பு பறக்கும் உயரத்தில் கட்டுப்பாடு இழந்து விழுந்த விமானங்கள் எவ்வளவு தூரம் போய் விழுந்தன என்ற வரலாறு இரண்டாவது; அதற்கும் 35. நீரோட்டப் பின்கணிப்புக்கு 30. இந்த எடைகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல, அனுபவத்தின் தீர்ப்பு. முதற்சாய்வு என்பது அகவயமானது என்று பேயீஸ் முறையைக் குறைசொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் சாய்வை எண்ணாக எழுதி மேசைமேல் வைத்துவிட்டால் அடுத்தவர் அதை எடுத்துப் பார்த்து "ஏன் 35?" என்று கேட்க முடிகிறது. மனத்துக்குள் மறைந்திருக்கும் சாய்வை யாரால் கேட்க முடியும்?

அந்த வரைபடத்தின்மேல், தோற்றுப்போன ஒவ்வொரு தேடலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினார்கள். பிங்கர் மௌனத்தை ஏற்றும்போது அவர்கள் காட்டிய கவனம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு பிங்கர் விபத்தில் பிழைத்திருக்க 80 சதவீதமும், பிழைத்தால் அருகே போகும் கப்பலுக்குக் கேட்க 90 சதவீதமும் வாய்ப்பு. இரண்டு பிங்கர்களும் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஏதாவது ஒன்றாவது கேட்டிருக்க 92 சதவீத வாய்ப்பு வருகிறது. ஆனால் இரண்டும் ஒரே விமானத்தில், ஒரே மோதலில் சிக்கியவை. ஒன்றை உடைத்த அடி மற்றதையும் உடைத்திருக்கலாம். அப்படிச் சேர்ந்தே பிழைக்கும், சேர்ந்தே அழியும் என்று கொண்டால் 72 சதவீதம்தான். அவர்கள் பின்னதற்கே அதிக எடை கொடுத்து 77 என்று வைத்தார்கள். அதோடு நிற்காமல், இரண்டு பிங்கர்களும் பழுது என்று கொண்டு இன்னொரு வரைபடத்தையும் தனியே போட்டுக் காட்டினார்கள். அதில் நிகழ்தகவு கடைசி இடத்தைச் சுற்றியே குவிந்திருந்தது.

2011 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். மார்ச் 25 அன்று நான்காம் தேடல் தொடங்கியது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், ரீமஸ் 6000 என்னும் தானியங்கி நீர்மூழ்கிக் கருவிகளை இறக்கினார்கள். ஒரு வாரம்தான் ஆயிற்று. ஏப்ரல் 3 அன்று, 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் படத்தில் தெரிந்தன. கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து ஆறரைக் கடல் மைல் தொலைவுதான். முதல் மாதமே ஒலிகேட்கும் கப்பல்கள் அந்தப் பகுதியைக் கடந்து போயிருந்தன. மே மாதம் இரண்டு பதிவுக் கருவிகளும் மேலே வந்தன. மீட்ட பிங்கரைச் சோதித்தபோது அது வேலை செய்யவில்லை. கடலடியிலிருந்து மேலும் 104 பேரின் உடல்களைக் கொண்டுவந்து குடும்பங்களிடம் சேர்க்க முடிந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஒரு நிகழ்தகவு வரைபடத்தால் நேர்ந்த காரியம் அது.

பிங்கர்களைப் பற்றிக் கேட்டதுபோல், இரண்டு சாட்சிகள் உண்மையில் இரண்டுதானா என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நீதிமன்றம் சாட்சி. இங்கிலாந்தில் 1999-இல் ஒரு தாய், தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். அவருடைய குடும்பத்தைப் போன்ற வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென்று இறப்பது 8,543-இல் ஒன்று என்று குழந்தை மருத்துவ நிபுணர் ஒருவர் சாட்சி சொன்னார். இரண்டு குழந்தைகளும் இறந்ததால் அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே வீடு. மரபுக் காரணம் ஒன்று இருந்தால் அது இரண்டு குழந்தைகளையும் தாக்கியிருக்கும். பெருக்கியதே தவறு. அதைவிடப் பெரிய தவறு, மறுபக்கத்தைக் கேட்காதது. ஒரு தாய் தன் இரண்டு கைக்குழந்தைகளையும் கொல்வது எவ்வளவு அரிது? அரிதான இரண்டில் எது அதிக அரிது என்பதல்லவா கேள்வி? 2001-இல் ராயல் ஸ்டாடிஸ்டிகல் சொசைட்டி அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. ஒரு குழந்தைக்கு நுண்ணுயிர்த் தொற்று இருந்ததைக் காட்டும் சோதனை முடிவு வெளியிடப்படாமல் இருந்ததும் பின்னர் தெரியவந்தது. 2003-இல் தீர்ப்பு ரத்தாயிற்று. நான்கு ஆண்டுகளில் அந்தத் தாயும் இறந்துபோனார். தீர்ப்பு ரத்தானதற்கு முக்கியக் காரணம் அந்த மருத்துவச் சோதனைதான்; ஆனால் அந்த ஏழு கோடி என்ற எண் காதில் விழுந்தபின் எந்த நடுவர் குழுவின் மனம் சமநிலையில் இருந்திருக்கும்?

சாட்சியைச் சந்தேகிப்பதற்கு எல்லை இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, வானியலில் அதற்கு ஓர் அழகான இணை உண்டு. யுரேனஸ் கணக்குக்கு ஒத்துவராமல் நகர்ந்தபோது வானியலாளர் லெவெரியே நியூட்டனைச் சந்தேகிக்கவில்லை. காணாத கோள் ஒன்று அதை இழுக்கிறது என்றார். 1846-இல் அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே நெப்டியூன் தென்பட்டது. புதன் கோளும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. 1859-இல் அதே லெவெரியே அதே முறையில் இன்னொரு கோளை முன்மொழிந்தார். வல்கன் என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. தேடினார்கள், கிரகணத்துக்குக் கிரகணம் தேடினார்கள். இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய கோள் தெரியவில்லை. ஒவ்வொரு தேடல் தோற்றபோதும் வல்கனின் பங்கு குறைந்து, "நியூட்டனின் விதியே இங்கே போதவில்லை" என்ற, யாரும் தொட விரும்பாத சாத்தியத்தின் பங்கு கூடியது. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய கோட்பாட்டிலிருந்து புதனின் நகர்வில் இருந்த, நூற்றாண்டுக்கு 43 விகலை என்ற வேறுபாட்டை வரவழைத்துக் காட்டினார்.

நியூட்டன் தவறாக இருக்கவே முடியாது என்று அந்தச் சாத்தியத்துக்குப் பூஜ்யம் போட்டவர்கள் ஐன்ஸ்டைன் வந்த பிறகும் பூஜ்யத்திலேயே இருந்திருப்பார்கள். எதைக் கொண்டு பெருக்கினாலும் பூஜ்யம் பூஜ்யமே. புள்ளியியலாளர் டெனிஸ் லிண்ட்லி இதற்குக் குராம்வெல் விதி என்று பெயர் சூட்டினார். 1650-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் தவறாக இருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள் என்று ஆலிவர் குராம்வெல் மன்றாடியதை நினைத்து வைத்த பெயர். நம் கணக்கில் பிங்கர் உடைந்திருக்கும் வாய்ப்பு ஐந்து சதவீதம் இருந்தது. அங்கே பூஜ்யம் போட்டிருந்தால், முதல் தேடலுக்குப் பிறகு விமானம் அருகே கிடக்கும் சாத்தியமும் பூஜ்யமாகியிருக்கும். தொலைவில் நூறு ஆண்டுகள் தேடினாலும் அது திரும்ப எழுந்திருக்காது.

மேலே வந்த பதிவுக் கருவிகள் சொன்ன கதையையும் நீங்கள் கேட்க வேண்டும். விமானத்தின் வேகத்தைக் காற்றழுத்தம் கொண்டு அளக்கும் பிட்டோ குழாய்களில் பனித்துகள் அடைத்துக்கொண்டது. வேக அளவுகள் முரண்பட்டன, தானியங்கி விலகிக்கொண்டது. விமானிகளில் ஒருவர் மூக்கை மேலே தூக்கிப் பிடித்தார். விமானம் ஏறி, வேகம் இழந்து, இறக்கைகளின் தாங்குவிசை முறிந்து விழத் தொடங்கியது. அந்த நிலையை அறிவிக்கும் எச்சரிக்கை ஒலி 54 விநாடி தொடர்ந்து அடித்தது. பிறகு நின்றுவிட்டது. ஏன் நின்றது? அளந்த வேகம் மணிக்கு 60 கடல் மைலுக்குக் கீழே போனதால், இறக்கைகள் காற்றைச் சந்திக்கும் கோணத்தின் அளவைக் கணினி நம்பத்தகாதது என்று தள்ளிவிட்டது. அளவு இல்லாமல் எச்சரிக்கை இல்லை. விமானம் மேலும் மோசமான நிலைக்குப் போனபோது மௌனம். மூக்கைச் சற்றுக் கீழே இறக்கி வேக அளவு மீண்டும் செல்லுபடியானபோது மறுபடி எச்சரிக்கை. சரியானதைச் செய்தால் கருவி அலறியது. தவறானதைச் செய்தால் அமைதியானது. இருட்டில், குலுக்கலில், நான்கரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், எந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று அந்த விமானிகள் எப்படிக் கணக்குப் போட்டிருப்பார்கள்! அவர்களைக் குற்றம்சாட்ட எனக்கு மனம் வரவில்லை. கருவி எந்த நிலையில் பேசாமல் போகும் என்பதும் அந்தக் கருவி தரும் தகவலின் பகுதிதான். அதை அவர்களுக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

விபத்துக்குப் பின் பிங்கரின் ஆயுளை 30 நாளிலிருந்து 90 நாளாக உயர்த்த வேண்டும் என்று பி.இ.ஏ. பரிந்துரைத்தது, உலக விமானப் போக்குவரத்து விதிகளில் அது பின்னர் ஏறியது. பயிற்சி முறைகளும் மாறின.

எல்லாத் தேடலும் இப்படி முடிவதில்லை. 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் சென்ற எம்.எச்.370, 239 பேரோடு மறைந்தது. அதன் தேடலிலும் இதே தேற்றத்தைக் கொண்டு ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு ஒரு நிகழ்தகவு வரைபடம் போட்டார்கள். 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியை அலசிவிட்டு, 2017 ஜனவரியில் தேடல் நிறுத்தப்பட்டது. அதற்குச் சற்று முன்பு நிபுணர்கள் கூடி, கிடைக்காமல் போனதையும் கரை ஒதுங்கிய பாகங்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, தேடிய பகுதிக்கு வடக்கே 25,000 சதுர கிலோமீட்டரைக் குறித்துக் கொடுத்தார்கள். 2018-இல் ஒரு தனியார் நிறுவனம் அந்தப் பகுதியையும் அதற்கு அப்பாலும் தேடியது, அப்போதும் கிடைக்கவில்லை. அந்த வரைபடத்தில் இப்போது இரண்டு வகைச் சாத்தியங்கள் மோதுகின்றன. விமானம் தேடாத கடலில் கிடக்கலாம். அல்லது தேடிய கடலிலேயே, சோனார் சரியாகப் பார்க்க முடியாத செங்குத்துப் பள்ளம் ஒன்றில் கிடக்க, நாம் மேலே கடந்துபோயிருக்கலாம். இரண்டாவதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதைப் பொறுத்தே அடுத்த கப்பல் எந்தத் திசையில் போக வேண்டும் என்பது தீர்மானமாகும்.

கணக்கில் ஐயம் உள்ளவர்கள் அந்த எழுபதில் முப்பதைத் திரும்ப ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.